சேவலா, பேடா? வயண்டொட் கோழியின் வரலாறும் யாழ்ப்பாணத்து முற்றமும்

2009இல் போர் முடிந்து, மக்கள் மீளக்குடியமரத் தொடங்கியிருந்த காலம். வடமராட்சி கிழக்கில் கடலோரக் கிராமம் ஒன்றுக்குச் செய்தி சேகரிக்கச் சென்றிருந்தேன். தகரக் கொட்டிலொன்றின் முன்னால் நின்ற பெண்ணொருவர், கிடுகு வேலியோரம் மேய்ந்துகொண்டிருந்த கோழிகளைக் காட்டினார். கணவரைப் போரில் இழந்தவர். வாழ்வாதார உதவியாக அவருக்கு முட்டையினக் குஞ்சுகள் பத்து வழங்கப்பட்டிருந்தன.

"ஐயா, பத்துக்கு ஏழு சேவலாப் போச்சு. முட்டை வித்துப் பிள்ளைக்குக் கொப்பி வாங்கலாமெண்டு நினைச்சிருந்தன். நாலு மாசமாத் தீனி போட்டதுதான் மிச்சம். உதைக் குஞ்சிலேயே பாத்துச் சொல்லேலாதோ?" என்று கேட்டார்.

"விசாரிச்சுச் சொல்லுறன் பிள்ளை" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். நாற்பது ஆண்டுகள் செய்தி எழுதியவனிடம் அந்தக் கேள்விக்கு விடை இருக்கவில்லை. அவருக்கு நேர்ந்தது அபூர்வமான துரதிர்ஷ்டமும் அன்று. சேவலும் பேடும் சரிபாதி வாய்ப்புடன் பொரிப்பவை என்று கொண்டால், பத்துக் குஞ்சுகளில் ஏழோ அதற்கு மேலோ சேவலாக அமைவதற்கு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஆறு வீடுகளுக்கு இவ்வாறு குஞ்சுகள் கொடுத்தால், அவற்றுள் ஒரு வீட்டு முற்றத்திலாவது இந்தக் கதை நடக்கக்கூடும்.

அதன்பின் கைக்குக் கிடைத்தவற்றைப் படித்தபோது, அக்கேள்வியின் வரலாறு அமெரிக்கக் கோழியினம் ஒன்றையும், முதலாம் உலகப் போரையும், நமது தொல்காப்பியத்தையும் தொட்டுச் செல்வதைக் கண்டேன். அதையே இங்கு எழுதுகிறேன்.

அம்மம்மாவின் ஊசி

என் அம்மம்மாவிடம் ஒரு முறை இருந்தது. நூலில் கோத்த ஊசியை முட்டைக்கு மேலே தொங்கவிடுவார். ஊசி நேர்கோட்டில் ஆடினால் சேவல், வட்டமாகச் சுற்றினால் பேடு. அயல்வீட்டு ஆச்சிக்கு இதில் நம்பிக்கையில்லை. கூர்மையான முட்டை சேவல், உருண்டையான முட்டை பேடு என்பது அவருடைய கட்சி. இருவரும் பாதித் தடவை சரியாகச் சொன்னார்கள். நாணயத்தைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அவ்வளவுதான் கிடைத்திருக்கும். ஆனால், பலித்ததை நினைவில் வைத்துப் பலிக்காததை மறந்துவிடுவது மனித இயல்பு. அதனாலேயே இத்தகைய முறைகள் தலைமுறை கடந்து நிலைக்கின்றன.

ஆச்சியை நாம் எள்ளி நகையாட வேண்டியதில்லை. கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில், நீண்டு கூர்மையான முட்டையிலிருந்து பேடும் உருண்டையான முட்டையிலிருந்து சேவலும் வரும் என்று எழுதினார். சில நூற்றாண்டுகளின் பின் வந்த ரோமானியரான பிளினி, உருண்டையான முட்டையில்தான் பேடு என்று நேர்மாறாக எழுதினார். ஆச்சி பிளினியின் பக்கம். உண்மையில் முட்டையின் வடிவத்துக்கும் குஞ்சின் பாலுக்கும் தொடர்பில்லை.

இவ்விடத்தில் நமது இலக்கணம் நினைவுக்கு வருகிறது. தொல்காப்பியத்தின் மரபியல், உயிரினங்களின் ஆண், பெண், இளமைப் பெயர்களை முறையாக வகுத்துச் சொல்கிறது. சேவல் என்பது கோழிக்கு மட்டுமுரிய பெயரன்று. மயிலைத் தவிர்த்துச் சிறகுடைய எல்லாவற்றின் ஆணுக்கும் உரியது. பேடை, பெடை ஆகியன பெண் பறவைக்குரியவை. அளகு என்ற பெயரோ கோழிக்கும் கூகைக்கும் உரியது. இவ்வளவு நுணுக்கமாகப் பால் பிரித்த அந்நூல், பறப்பவற்றின் இளமைக்குப் பார்ப்பு, பிள்ளை என்ற பொதுப்பெயர்களையே தருகிறது. குஞ்சில் ஆண், பெண் பிரிக்கும் சொல் இல்லை. கண்ணால் பிரித்தறிய முடியாததற்குத் தனிப்பெயர் எதற்கு?

அந்தப் பொருளதிகாரத்தை 1885இல் அச்சேற்றியவர் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை. அமெரிக்க மிஷனரிமார் நடத்திய வட்டுக்கோட்டை செமினரியில் பயின்றவர். அப்பதிப்பு வெளிவருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், அந்த மிஷனரிமாரின் தாய்நாட்டில், ஒரு புதிய கோழியினம் அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதுதான் வயண்டொட்.

ஒரு மக்களின் பெயர் தாங்கிய கோழி

1883இல் அமெரிக்கக் கோழி வளர்ப்போர் சங்கத்தின் இனத்தர நூலில் வயண்டொட் இடம்பெற்றது. நியூ யோர்க் மாநிலத்துப் பண்ணையாளர் சிலர் பல ஆண்டுகள் கலப்புச் செய்து உருவாக்கிய இனம் இது. முதலில் ஏற்கப்பட்ட வகையில், ஒவ்வொரு வெள்ளி நிற இறகும் கறுப்பு நிறத்தில் கரை கட்டியிருக்கும். நமது பெண்களின் சேலைக் கரையை நினைத்துக்கொண்டால் போதும். பொன்னிற இறகில் கறுப்புக் கரை கொண்ட வகையும் முழு வெள்ளையும் 1888இல் ஏற்கப்பட்டன. பின்னர் வேறு பல நிறங்களும் சேர்ந்தன.

முன்பு 'அமெரிக்கன் செப்றைற்' என்று அழைக்கப்பட்ட கோழிக்கு வயண்டொட் என்ற பெயர் வந்த கதை சிந்திக்கத்தக்கது. இனத்தை உருவாக்கியோருள் ஒருவர், தமது குடும்பத்துக்குத் தொடர்பான கப்பலொன்றின் பெயரைச் சூட்டினார் என்பர். அக்கப்பலுக்கோ வயண்டொட் என்ற அமெரிக்கப் பூர்வகுடி மக்களின் பெயர் வைக்கப்பட்டிருந்தது. அம்மக்கள் ஒஹையோ மாநிலத்தில் எஞ்சியிருந்த கடைசிப் பூர்வகுடியினர். 1842இல் செய்யப்பட்ட ஒப்பந்தத்தின்படி தமது நிலத்தைக் கைவிட்டு, 1843ஆம் ஆண்டு யூலை மாதத்தில் 600க்கும் மேற்பட்டோர் மேற்கே கன்சாஸ் பகுதிக்குப் புறப்பட்டனர். மக்கள் வெளியேற்றப்பட்டு நாற்பது ஆண்டுகளில், அவர்களுடைய பெயர் ஓர் அழகான கோழிக்குப் பெயராக நிலைத்தது.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு மக்கள் தென்மராட்சி நோக்கி நடந்தபோது நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். நாவற்குழிப் பாதையில், பனையோலைக் கூடையில் அடைக்கோழியையும் முட்டைகளையும் சுமந்து நடந்த ஒரு மூதாட்டியைக் கண்டது மறக்கவில்லை. ஊரையே விட்டுப் போகும்போதும் அந்தப் பேட்டை அவர் விடவில்லை. அதற்கு முந்திய ஐந்து ஆண்டுகள் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடை வேறு. மின்சாரத்தால் இயங்கும் பொரிப்புப்பொறிக்கு அங்கு வேலையில்லை. அடைக்கோழிதான் நமது பொரிப்புப்பொறி. அதனை விட்டால் அடுத்த ஆண்டு முட்டையில்லை என்பது அந்த மூதாட்டிக்குத் தெரிந்திருந்தது.

வயண்டொட்டும் அடைகிடக்கும் இயல்புள்ள கோழிதான். ஆனால் அது நமது வெயிலுக்காக உருவான கோழியன்று. உடல் கனமானது, இறகு அடர்த்தியானது. கொண்டை, தலையோடு ஒட்டித் தட்டையாகப் படுத்திருக்கும். ரோசாக்கொண்டை என்று அதனைச் சொல்வர். நிமிர்ந்த கொண்டை கடுங்குளிரில் உறைந்து கருகிவிடும் என்பதால் நியூ யோர்க் பனிக்கு அது ஏற்றது. யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலிலோ, உடற்சூட்டை வெளியே விட உதவும் பெரிய நிமிர்ந்த கொண்டையே கோழிக்கு நன்மை. எனவே, நமது முற்றத்துக்கு வயண்டொட்டைக் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதிலிருந்து கற்கவேண்டியவை உள்ளன என்பதே என் கருத்து.

எனினும் அந்தக் கோழி நமக்கு முற்றிலும் அந்நியமானதும் அன்று. வயண்டொட்டின் கால்களும் தோலும் மஞ்சள் நிறமானவை. வீட்டுக்கோழியின் முதன்மை மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. ஆனால் மஞ்சள் தோலுக்கான மரபணு தென்னிந்தியாவின் சாம்பல் நிறக் காட்டுக்கோழியிலிருந்து வந்தது என்பதைச் சுவீடனின் உப்சலா பல்கலைக்கழக ஆய்வாளர் குழுவொன்று 2008இல் வெளியிட்டது. நமது அகப்பொருள் மரபு முல்லை நிலத்தின் பறவையாகக் காட்டுக்கோழியைச் சொல்லும். மேற்குத்தொடர்ச்சி மலைக்காட்டுப் பறவையின் ஒரு துளி, எப்போதோ வீட்டுக்கோழியோடு கலந்து, உலகைச் சுற்றி, நியூ யோர்க்கின் பனிக்குள் நிற்கும் கோழியின் காலில் மஞ்சளாகத் தெரிகிறது.

போர்க்காலத்தில் பிறந்த கணக்கு

இனிப் பால் பிரிக்கும் கதைக்கு வருவோம். மெண்டலின் மரபியல் விதிகள் விலங்குகளுக்கும் பொருந்தும் என்று நிறுவியவர்களுள் முதன்மையானவர் இங்கிலாந்தின் வில்லியம் பேற்சன். 1902இல் அவர் வெளியிட்ட சான்றுகள் கோழிகளிலிருந்து பெறப்பட்டவை. வயண்டொட்டின் ரோசாக்கொண்டையையும் பிரம்மா இனத்தின் பட்டாணிக்கொண்டையையும் கலந்தபோது, இரண்டையும் ஒத்திராத மூன்றாவது கொண்டை தோன்றியதை அவரும் றெஜினோல்ட் பனற்றும் விளக்கிய பாடம் இன்றும் உயிரியல் நூல்களில் உள்ளது.

முதலாம் உலகப் போரில் பிரித்தானியாவுக்குத் தானியத் தட்டுப்பாடு ஏற்பட்டது. கேம்பிரிட்ஜில் பேராசிரியராயிருந்த பனற் அப்போது ஓர் யோசனை சொன்னார். பொரித்த அன்றே குஞ்சின் நிறத்தைப் பார்த்துச் சேவல்களைப் பிரித்துவிட்டால், முட்டையிடாத கோழிக்குத் தீனி வீணாகாது அல்லவா? வடமராட்சிப் பெண் என்னிடம் கேட்ட அதே கேள்விக்கு, அவருக்கு ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்னர், இன்னொரு போரின் நெருக்கடியில் விடை தேடப்பட்டிருக்கிறது.

அந்த விடை எளிமையானது. மனிதரில் பிள்ளையின் பாலைத் தீர்மானிப்பது தகப்பன். கோழியில் தாய். சேவலுக்கு ஒரே வகையான இரண்டு பால்நிறமூர்த்தங்கள் உள்ளன. பேட்டுக்கு அவ்வகையில் ஒன்றுதான், மற்றையது வேறு. எனவே பேட்டுக்குஞ்சு அந்த நிறமூர்த்தத்தைத் தகப்பனிடமிருந்து மட்டுமே பெறும். சேவற்குஞ்சு இருவரிடமிருந்தும் பெறும். இறகு வெள்ளியா பொன்னா என்பதைத் தீர்மானிக்கும் மரபணு அந்த நிறமூர்த்தத்திலேயே இருக்கிறது. இரண்டும் ஒன்றுசேர்ந்தால் வெள்ளியே மேலோங்கும்.

ஆகவே, றோட் ஐலண்ட் றெட் போன்ற பொன்மரபுச் சேவலையும், வெள்ளிக் கரை வயண்டொட் பேட்டையும் இணைத்தால், மகன்மார் தாயின் வெள்ளியைப் பெற்று வெளிர்நிறக் குஞ்சுகளாகப் பொரிப்பர். மகள்மாருக்குத் தகப்பனின் பொன் மட்டுமே கிடைப்பதால் அவர்கள் செம்மஞ்சள் அல்லது கபில நிறமாயிருப்பர். முதல்நாளே பிரித்துவிடலாம். ஊசி வேண்டாம்.

ஆனால் இதில் மூன்று எச்சரிக்கைகள் உண்டு. முதலாவது, சோடியை மாற்றிவிட்டால் பயனில்லை. வெள்ளிச் சேவலையும் பொன் பேட்டையும் இணைத்தால் எல்லாக் குஞ்சுகளும் வெள்ளியாகவே வரும். இரண்டாவது, வெள்ளி என்பது வெள்ளையன்று. வெள்ளை வயண்டொட்டின் நிறம் வேறொரு மரபணுவால் வருவது. அது உள்ளேயிருப்பது வெள்ளியா பொன்னா என்பதை மறைத்துவிடும். மூன்றாவது, இந்த அடையாளம் ஒரு தலைமுறைக்கு மட்டுமே உரியது. இக்குஞ்சுகளைத் தமக்குள் இணைத்தால், அடுத்த தலைமுறையில் இரு பாலிலும் இரு நிறங்களும் கலந்து வரும்.

தனி இனமாக வளர்க்கப்படும் வெள்ளிக் கரை வயண்டொட்டில் ஆணும் பெண்ணும் வெள்ளியே. அங்கே முதல்நாள் நிறம் உதவாது, பொறுத்திருந்தே பார்க்கவேண்டும். சில வாரங்களில் சேவற்குஞ்சின் கொண்டை முந்திச் சிவந்து அகலும். மூன்று மாதமளவில், கழுத்திலும் முதுகின் பின்புறத்திலும் சேவலுக்குக் கூரிய நீண்ட இறகுகளும் பேட்டுக்கு நுனி உருண்ட இறகுகளும் முளைக்கும். ரோசாக்கொண்டை தட்டையானது என்பதால் புதியவர்கள் ஏமாறுவதுண்டு. கொண்டையை விட இறகின் நுனியே நம்பத்தகுந்தது. இந்த இறகுநுனிச் சோதனை நமது ஊர்க்கோழிக்கும் பொருந்தும்.

ஜப்பானியர் வேறு வழியில் சென்றனர். குஞ்சின் கழிவாயை மெல்ல விரித்து, அங்குள்ள மிகச்சிறிய முகையைக் கொண்டு பால் அறியும் முறையை மசூயி, ஹஷிமொற்றோ ஆகிய அறிஞர்கள் 1920களில் வெளிப்படுத்தினர். 1930களில் ஜப்பானிய வல்லுநர்கள் கடல் கடந்து சென்று இத்தொழிலைச் செய்தனர். நிறத்தை நம்பாத முறை இது. எந்த இனத்துக்கும் செல்லும். ஆயினும் நீண்ட பயிற்சி வேண்டும். அழுத்தம் பிசகினால் குஞ்சு இறந்துவிடும். வீட்டில் செய்து பார்க்கவேண்டாம்.

வேண்டாதவனாகிய சேவல்

இந்த வரலாற்றின் இருண்ட பக்கத்தையும் சொல்லவேண்டும். வயண்டொட் உருவானபோது அது முட்டைக்கும் இறைச்சிக்கும் பொதுவான கோழி. பேடு முட்டையிடும்; சேவல் வளர்ந்து கறியாகும். இருவருக்கும் முற்றத்தில் இடமிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து முட்டைக்கென ஒரு கோழியும் இறைச்சிக்கென ஒரு கோழியும் தனித்தனியே உருவாக்கப்பட்டன. முட்டையினத்தின் சேவல் முட்டையும் இடாது. இறைச்சிக்காகத் தீனி போட்டாலும் கட்டுபடியாகாது. எனவே அது பிறந்த அன்றே கொல்லப்படுகிறது. உலகெங்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 700 கோடி சேவற்குஞ்சுகள் இவ்வாறு அழிக்கப்படுவதாக மதிப்பிடப்படுகிறது.

மண்ணிற முட்டையிடும் வணிகக் கலப்பினங்கள் பலவற்றில், சேவலைப் பிரித்தெடுக்க இன்றும் பயன்படுவது அந்த வெள்ளி, பொன் கணக்குத்தான். பஞ்சத்தில் தீனியை மிச்சப்படுத்தப் பிறந்த அறிவு, இன்று எவரை முதல்நாளே நீக்குவது என்பதைச் சொல்லும் அறிவாகிவிட்டது. ஜேர்மனியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4.5 கோடி குஞ்சுகள் கொல்லப்பட்டுவந்தன. 2022 ஜனவரி முதல் அங்கு இது சட்டத்தால் தடைசெய்யப்பட்டுள்ளது. இப்போது முட்டைக்குள்ளேயே பால் அறியும் கருவிகள் அங்கு பயன்படுகின்றன. அரிஸ்டோட்டிலும் அயல்வீட்டு ஆச்சியும் முட்டையைப் பார்த்தே சொல்ல முயன்றது, ஈராயிரம் ஆண்டுகள் கழித்து வேறு வழியில் கைகூடியிருக்கிறது.

நமது ஊர்க்கோழியிடம் இந்தச் சிக்கல் இல்லை. அது இன்னமும் பழைய வயண்டொட் போன்ற பொதுக்கோழி. முட்டை குறைவுதான், ஆனால் அதன் சேவலுக்கு யாழ்ப்பாணத்துச் சந்தையில் எப்போதும் விலையுண்டு. தானே அடைகிடந்து, தானே குஞ்சு வளர்த்து, வேலிக்கரையில் கிளறித் தின்னும். சேவல் வீணாகாத வீட்டில், "சேவலா, பேடா?" என்ற கேள்வியும் அவ்வளவு அவசரமானதன்று.

வடமராட்சிப் பெண்ணுக்கு வாய்த்தது இரண்டுங்கெட்டான் நிலை. முட்டையினக் குஞ்சை, அதன் பால் பிரிக்காமல் கொடுத்துவிட்டார்கள். பண்ணையில் முதல்நாளே நீக்கப்பட்டிருக்கக்கூடிய சேவலுக்கு நான்கு மாதம் தீனி போடும் சுமை, ஒன்றுமில்லாத ஒரு வீட்டின் தலையில் விழுந்தது.

ஒரு வருடம் கழித்து அவ்வழியே போனபோது அவரைத் தேடிச் சென்றேன். படித்ததைச் சுருக்கிச் சொன்னேன்.

"குஞ்சைப் பாத்துச் சொல்லேலாது பிள்ளை, அதின்ர தாய் தகப்பனைத் தெரிஞ்சால்தான் நிறம் உண்மை சொல்லும். இனிமேல் ஆரும் குஞ்சு தந்தால், நிறம் பாத்தோ வேறை முறையிலோ பேடு பிரிச்சதோ எண்டு கேளும். பிரிக்காததெண்டால், ஊர்க்குஞ்சாத் தரச் சொல்லும்."

அவர் சிரித்தார். ஏழு சேவல்களையும் வந்த விலைக்கு விற்று, அந்தக் காசில் ஓர் ஊர்க்கோழிப் பேட்டை வாங்கியிருந்தார். அது கொட்டிலின் மூலையில், பழைய பெட்டியொன்றுக்குள் அடைகிடந்தது. எத்தனை முட்டை என்று கேட்டேன்.

"பதினொண்டு வைச்சனான் ஐயா. சேவல் வந்தாலும் காரியமில்லை, பேடு வந்தாலும் காரியமில்லை" என்றார்.

உதவி வழங்குவோர், குஞ்சுகளின் எண்ணிக்கையை மட்டும் அறிக்கையில் எழுதாமல், அவற்றுள் எத்தனை பேடு என்பதையும் எழுதும் நாள் வரவேண்டும். புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்து ஊருக்கு உதவும் வாசகர்களும் அடுத்த முறை இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பணம் அனுப்பினால் நல்லது.